ஓடும் தண்ணீர் பட்டுபோல் வழிய வேண்டும், பின்னணியும் மங்க வேண்டும்: இரண்டும் ஒரே படத்தில் வருமா?

வரும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். தண்ணீர் வழிய, கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவான ஷட்டர் கால் நொடியாவது திறந்திருக்க வேண்டும். வெளிச்சம் மிஞ்சாமலிருக்க லென்ஸின் துளையான அப்பர்ச்சரை எஃப் 16-க்குக் குறைப்போம் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்). உடனே பின்னாலுள்ள மரம், செடி எல்லாம் தெளிவாகிவிடும். பின்னணி மங்க எஃப் 2.8 வைத்தால் 32 மடங்கு வெளிச்சம் கூடுதலாக வரும். நல்ல வெயிலில், வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100-இல் ஷட்டர் 1/3200 நொடிக்குப் போய்விடும். தண்ணீர் கண்ணாடித் துண்டுகளாக உறைந்து நிற்கும்.

இதற்கு வழி, லென்ஸின் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்; 10 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். அதே எஃப் 2.8-இல் இப்போது 1/3 நொடி கிடைக்கும். குற்றாலம் போனால் அருவியை விட்டுவிட்டு, கீழே ஓடையில் பாசி படிந்த ஒரு கல்லைத் தேடுங்கள். ட்ரைபாட்டில் வைத்து, கல்லுக்கு ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, அப்புறம் ஃபில்டரை மாட்டுங்கள். மாட்டியபின் ஃபோகஸ் செய்யப் போனால் கேமரா இருட்டில் தடுமாறும். பாசியின் ஒவ்வொரு இழையும் தெரியும், சுற்றிலும் நீர் புகையாக வழியும். அவ்வளவு அழகு! விரல் பட்டாலே கேமரா ஆடும், 2 நொடி டைமர் வையுங்கள்.