காற்றில்லாத இடத்தில் அரிப்பா?

கேள்வி: விண்வெளியில்தான் காற்றே இல்லையே, அப்புறம் எப்படி விண்கலத்தின் மேலுறை அரித்துப்போகிறது? அதை எப்படிச் சோதிக்கிறார்கள்?
– பிளஸ் டூ மாணவி, கோவில்பட்டி

பதில்: காற்றே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிற சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலும் மிச்சசொச்சக் காற்று உண்டு. அதில் பெரும்பங்கு ஒற்றை ஆக்சிஜன் அணு. நாம் சுவாசிக்கிற ஆக்சிஜன் ஜோடியாகத் திரியும். அங்கே சூரியனின் புறஊதாக் கதிர் ஜோடியைப் பிரித்துவிடும். மறுபடி சேர இன்னொரு அணு லேசில் அகப்படாது. தனித்து அலையும் இந்த அணு எதிர்ப்பட்டதோடெல்லாம் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். விண்கலமோ விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போய் அதன்மேல் மோதுகிறது. பிளாஸ்டிக்கில் உள்ள கார்பன் வாயுவாகிக் கிளம்பிவிடுகிறது. தீ இல்லாமல் எரிகிற மாதிரிதான்.

விண்கலத்துக்குப் போர்த்தும் பழுப்பு மஞ்சள் பிளாஸ்டிக் தாளுக்குக் கேப்டான் என்று பெயர் (நம்மூர் கேப்டன் இல்லை). 2001-இல் விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் 41 பிளாஸ்டிக் மாதிரிகளை மாட்டிவைத்தார்கள். மேல்தாள் அரித்துப்போனாலும் அடுத்தது இருக்கட்டும் என்று மெல்லிய தாள்களை வில்லை வில்லையாக வெட்டி அடுக்கியிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று: 2003-இல் கொலம்பியா விண்கலம் விபத்துக்குள்ளானதால் 2005 வரை அவற்றைக் கழற்றிக் கொண்டுவர முடியவில்லை. அந்த நான்கு வருடத்தில் கேப்டான் கால் மில்லிமீட்டர் போயிருந்தது. கிட்டத்தட்ட ஓர் அஞ்சலட்டை கனம்.

சோதனையின் உயிர்நாடி எடைபோடுவது. போகும்முன் எவ்வளவு, வந்தபின் எவ்வளவு, அவ்வளவுதான். கேட்க எளிது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் தராசோடு மல்லுக்கட்டியவன் நான். ஐப்பசி அடைமழையில் கால்சியம் குளோரைடை எடைபோட்டால் பார்க்கப் பார்க்க எண் ஏறும்; ஈரத்தைக் குடித்துவிடும். கேப்டானும் அப்படித்தான், தன் எடையில் 2 சதவீதம் வரை தண்ணீர் பிடிக்கும். அரித்தது எவ்வளவு, காய்ந்தது எவ்வளவு என்று குழம்பிவிடும். அதனால் இரண்டு முறையும் வெற்றிடத்தில் நாள்கணக்கில் உலர்த்தி, வெளியே எடுத்த கையோடு எடைபோட வேண்டும்.

நாசாவோடு சேர்ந்து இந்த வேலை பார்த்தவர்களில் உங்கள் வயதுப் பெண்களும் உண்டு. ஒஹாயோ மாநிலத்து ஹாத்தவே பிரவுன் பள்ளி மாணவிகள்.