5,000 நண்பர்களும் 140 எழுத்தும்

கேள்வி: சமூக வலைத்தளங்கள் எல்லையில்லாத நட்பை வளர்க்கின்றன என்கிறேன் நான். நேரத்தைத் தின்கின்றன என்கிறார் என் கணவர். அவற்றின் நன்மைகள், தீமைகள் என்ன? நடுநிலையோடு பதில் சொல்லவும். (நான்கு பக்கக் கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: நடுநிலை என்னிடம் கிடையாது. கணவன் மனைவிக்கு நடுவே நிற்கும் துணிச்சலும் கிடையாது. ஆனால் 'எல்லையில்லாத' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மாட்டேன். முகநூலில் 5,000 பேருக்கு மேல் யாரையும் நண்பராகச் சேர்க்க முடியாது. 5,001ஆவது ஆள் வெளியே நின்று பின்தொடர வேண்டியதுதான். இந்த 5,000 போதவில்லை என்று அங்கலாய்க்கும் எழுத்தாளர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுடைய புத்தகம் அச்சாவது 300 பிரதி, அதிலும் பாதி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

இந்தத் தளங்கள் செய்த உருப்படியான காரியமே வரம்பு கட்டியதுதான் என்பது என் கட்சி. ட்விட்டர் அதன் இளமையில் ஒரு பதிவுக்கு 140 எழுத்துதான் தந்தது. கைபேசிக் குறுஞ்செய்திக்கு இருந்த 160இல் பெயருக்கென்று 20 ஒதுக்கியதுபோக மிச்சம். எந்த விமர்சகராலும் முடியாததை அந்தக் கழித்தல் கணக்கு சாதித்தது. 'நள்ளிரவின் பேரமைதியில்' என்று தொடங்குகிறவர்கள் விடிவதற்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. தமிழில் எழுதியவர்களுக்குத் தண்டனை இன்னும் கடுமை. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு வாங்கியதுபோல, புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினார்கள். 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. அவர்கள் கணக்கில் ஐந்து. அடைமொழிகள் உதிர்ந்தன. 'மிக மிக' ஒழிந்தது. என் சிவப்பு மைக்கு ஆண்டுக்கணக்கில் அசையாத கவிஞர் ஒருவர் இரண்டே வரியில் ஒரு நல்ல கவிதை எழுதினார். 2017 நவம்பரில் வரம்பை 280 ஆக்கினார்கள். அவர் நிலாவைக் கூட்டிக்கொண்டு திரும்ப வந்துவிட்டார்.

தீமைக்கு வருகிறேன். திரையை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கிறதே, அந்த ஏற்பாட்டை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். அதற்கு முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் 'அடுத்து' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துவதற்குள் அடுப்பில் வைத்தது நினைவுக்கு வரலாம், தூக்கம் வரலாம், புத்திகூட வரலாம். அந்த அரை நொடியைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள். நீங்கள் பார்க்கும் விளம்பரத்தில் பிழைப்பவர்கள் நீங்கள் எழுந்து போக வழி வைப்பார்களா? உங்கள் கணவர் சொல்வது சரி. அதை எந்தத் தளத்தில் எத்தனை மணிக்குப் படித்தார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வதந்தியைப் பற்றியும் நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் என் கட்சிதான் ஜெயித்தது. பலமுறை கைமாறிய செய்தியை இனி ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. விரலுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை வைத்தார்கள், அவ்வளவுதான்.

நன்மை ஒன்றாவது சொல்லாவிட்டால் இன்னொரு நான்கு பக்கம் வரும். பேரிடர் நேரத்தில் 'பத்திரமாக இருக்கிறேன்' என்று ஒரே அழுத்தலில் எல்லோருக்கும் தெரிவிக்கும் வசதியை முகநூல் 2014இல் கொண்டுவந்தது. அங்கே எழுதப்படும் வாக்கியங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். வெட்ட ஒரு சொல்கூட இல்லை.

கவிஞர்கள் கவனத்துக்கு ஒரு விஷயம். காலையில் முகநூலில் போட்டு, மாலைக்குள் 200 விருப்பக்குறி வாங்கி, இரவில் 'இதுவரை எங்கும் வெளிவராதது' என்ற உறுதிமொழியோடு எங்களுக்கு அனுப்புகிறவர்கள், அந்த 200 பேரில் என் உதவி ஆசிரியரும் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பவும்.