பல்கலைக்கழக உளவியல் மையத்தில் சிகிச்சை: கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் தங்கைக்குச் சில மாதங்களாகக் கடுமையான பதற்றமும் தூக்கமின்மையும் இருக்கின்றன. குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தரும் பல்கலைக்கழக உளவியல் மையம் ஒன்றை அணுகினோம். பயிற்சியில் உள்ள மாணவர்தான் சிகிச்சை தருவார், அமர்வுகள் ஒளிப்பதிவு செய்யப்படும், ஆய்வுக்கும் சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள். அவளைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் சிகிச்சைக்கும், பயிற்சிக்கான ஒளிப்பதிவுக்கும், ஆய்வுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். மூன்றும் ஒரே மையத்தில் நடப்பதில் தவறில்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தை வாங்குவது தவறு.

இந்த ஏற்பாட்டுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1896இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கிய கிளினிக்கே முதல் உளவியல் கிளினிக்காகக் கருதப்படுகிறது. எழுத்துக்கூட்டத் திணறிய மாணவன் ஒருவனுக்கு உதவி கேட்டு அவனுடைய ஆசிரியை விட்மரை நாடியதே அதன் தொடக்கம். பின்னர் 1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் என்பவர் சிகிச்சையிலும் ஆய்விலும் ஒருங்கே பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது.

மாணவர் என்றதும் தயக்கம் வருவது இயல்பே. எனினும், அவர் தனித்து விடப்படுவதில்லை. நன்கு நடக்கும் மையத்தில், உரிமம் பெற்ற மூத்த உளவியலாளர் ஒருவர் வாரந்தோறும் அந்த மாணவருடன் அமர்ந்து ஒளிப்பதிவைப் பார்ப்பார். தந்தையைப் பற்றிப் பேச்சு வந்ததும் உங்கள் தங்கை மௌனமாகிவிட்டார், மாணவர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அவசரமாக ஆறுதல் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர் அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்பார். அடுத்த வாரம் அந்த இடத்துக்கு எப்படித் திரும்புவது என்று இருவரும் திட்டமிடுவார்கள். தனியாக நடத்தப்படும் பல கிளினிக்குகளில் இப்படி இன்னொரு கண் பார்ப்பதே இல்லை. அதனால் மாணவரின் அனுபவத்தைக் கேட்பதைவிட, மேற்பார்வையாளர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பதிவைப் பார்க்கிறார், தேவைப்பட்டால் நாமே அவரிடம் பேச முடியுமா என்று கேட்பது பயன் தரும்.

ஆய்வு என்னும் சொல்தான் உங்களை அதிகம் அச்சுறுத்துகிறது என்று நினைக்கிறேன். பதற்றத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஜிஏடி-7 என்னும் வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய 7 கேள்விகள் அதில் உண்டு; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் விரிவான மதிப்பீடு தேவை என்று கொள்வார்கள். உங்கள் தங்கை ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் இதை நிரப்புகிறார், 16 என்று தொடங்கிய மதிப்பெண் ஐந்தாறு அமர்வுகளுக்குப் பின்னும் 15இலேயே நிற்கிறது என்றால், சிகிச்சை முறையை மாற்ற வேண்டுமா என்று மேற்பார்வையாளரும் மாணவரும் ஆலோசிக்க வேண்டும். இதுவரை அந்த எண் அவருடைய நலனுக்காகவே பயன்படுகிறது. அதே எண்ணைப் பெயரும் அடையாளமும் நீக்கி, மற்றவர்களின் எண்களோடு சேர்த்து ஆராயும்போதுதான் அது ஆய்வாகிறது. பல மையங்களில் ஆய்வு என்பது பெரும்பாலும் இவ்வளவே. இதனால் அவர் பெறும் சிகிச்சையில் எந்த மாற்றமும் ஏற்படாது.

சிகிச்சை முறைகளை ஒப்பிடும் ஆய்வு வேறு வகை. அதில் யாருக்கு எந்த முறை என்பது குலுக்கல் போலத் தீர்மானிக்கப்படலாம். சிலரைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்துப் பிறகு சிகிச்சை தரவும் கூடும். ஆகவே, ‘இது பதிவுகளைப் பயன்படுத்தும் ஆய்வா, சிகிச்சையையே மாற்றும் ஆய்வா?’ என்று நேராகக் கேளுங்கள். எந்த வகையானாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும்; காரணம் சொல்லாமலே மறுக்கவும், பாதியில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு; மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது. மனிதர்களை உட்படுத்தும் மருத்துவ ஆய்வுகளுக்காக உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனம் தொடங்கி, ஆய்வு நெறிமுறைகளுக்கு அடிப்படை, பங்கேற்பவரின் சுதந்திரமான சம்மதம்தான். ‘ஆய்வுக்குச் சம்மதித்தால்தான் சிகிச்சை’ என்று ஒரு மையம் சொன்னால், வேறு இடம் தேடுங்கள்.

ஒளிப்பதிவு விஷயத்தில் நிலைமை சற்று வேறு. பதிவின்றி மேற்பார்வை கடினம் என்பதால், அதை மறுப்பவரை வேறிடத்துக்கு அனுப்பும் மையங்கள் உண்டு, அது நியாயமற்றதன்று. பதிவை யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தங்கை அதே பல்கலைக்கழகத்தில் படிப்பவர் அல்லது பணிபுரிபவர் என்றால், அறிந்த முகம் எதுவும் அந்தப் பதிவைப் பார்க்காது என்ற உறுதியும் வேண்டும். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற ஆணை போன்ற சூழல்களில் ரகசியம் காக்கப்படாமல் போகலாம். அவை எவை என்று முதல் அமர்விலேயே விளக்கிவிட வேண்டும்.

இத்தகைய மையங்களின் உண்மையான குறை தொடர்ச்சியில் இருக்கிறது. கல்வியாண்டு முடிந்ததும் மாணவர் போய்விடுவார். மனம் திறந்து பேசத் தொடங்கிய வேளையில் புதிய முகத்திடம் எல்லாவற்றையும் மீண்டும் சொல்ல நேர்வது வேதனையானது. மாணவர் எத்தனை மாதம் இருப்பார், விடுமுறையில் யார் பார்ப்பார்கள், அடுத்தவரிடம் எப்படி ஒப்படைப்பார்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். மருந்து எழுதித் தரும் அதிகாரமும், இரவு பகலாக இயங்கும் அவசரப் பிரிவும் பெரும்பாலும் அங்கே இருக்காது. தற்கொலை எண்ணமோ, இல்லாத குரல்கள் கேட்பதோ, நாள்கணக்கில் அறவே தூங்காத நிலையோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் பதற்றமும் தூக்கமின்மையும் வரும் என்பதால், பொது மருத்துவர் ஒருவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தங்கை வயதுவந்தவர் என்றால், கையெழுத்திட வேண்டியவர் அவரே. படிவங்களை வீட்டுக்கு எடுத்து வந்து நிதானமாகப் படித்துவிட்டு, அடுத்த முறை சந்தேகங்களை அவரே கேட்கட்டும். நீங்கள் உடன் செல்லலாம். அவர் அனுமதித்தாலொழிய, அமர்வில் பேசியதை மையம் உங்களிடம் சொல்லாது. இதை இப்போதே தெரிந்துவைத்திருங்கள்.