பதில் ராத்திரிதான் வருகிறது

கேள்வி: ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராதது பற்றிப் பேச எழுந்தேன். "எத்தனை நாளா வரல? மனு குடுத்தீங்களா?" என்று ஊராட்சிச் செயலர் திருப்பிக் கேட்டதும் வாயடைத்துப் போனேன். நாலு பேர் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது பதில் பதிலாக வருகிறது. நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன். சட்டென்று யோசிக்கவும் தைரியமாகப் பேசவும் என்ன பயிற்சி செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: செயலர் கேட்ட இரண்டு கேள்விகளையும் இன்னொரு முறை பாருங்கள். எத்தனை நாள்? மனு உண்டா? இதில் சட்டென்று யோசிக்க என்ன இருக்கிறது? தெரிந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள். ராத்திரி வந்த பதிலும், மனதுக்குள் நாள் எண்ணிப் பார்த்த பிறகு வந்ததாகத்தான் இருக்கும். கோபத்தோடு கூட்டத்துக்குப் போய்விட்டீர்கள், கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டீர்கள். மூளை மந்தம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

பத்தாவது வகுப்போடும் இதை முடிச்சுப் போடாதீர்கள். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி வந்த காந்தி, பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தன் முதல் வழக்குக்கு எழுந்து நின்றார். மமிபாய் என்ற பெண்ணின் வழக்கு, கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். கட்டணத்தைத் திருப்பித் தருகிறேன், வேறு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றிப் பேசினார். தன் முதல் மேடைப்பேச்சு என்று அதைத்தான் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். பேசவேண்டிய பொருளில் ஓரளவு தயாராகவே போனேன் என்றும் எழுதுகிறார். இடையில் பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு எதுவும் போகவில்லை. சொல்லியே ஆகவேண்டிய ஒன்று அவரிடம் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் தண்ணீருக்கு வருவோம். ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குழாயில் வர வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். உங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் தினமும் பதினெட்டுக் குடம். இப்போது எவ்வளவு கிடைக்கிறது? மூன்று நாளுக்கு ஒரு முறை பத்துக் குடம் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு வெறும் 10 லிட்டர். வீட்டில் மாட்டியிருக்கும் காலண்டரிலேயே தண்ணீர் வந்த நாளை வட்டம் போடுங்கள், பக்கத்தில் எத்தனை குடம் என்று எழுதுங்கள். எத்தனை மணிக்கு நின்றது என்பதையும் எழுதுங்கள். மனுவை இப்போதே கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை "எத்தனை நாளா?" என்று கேட்டால் அந்தத் தாளைப் பார்த்துப் படித்தாலே போதும். தாளைப் பார்த்துப் பேசுவது ஒன்றும் குறைவில்லை. அதிகாரிகளும் அப்படித்தானே பேசுகிறார்கள்?

அப்புறம் பயிற்சி. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதைப் பயிற்சி என்று நம்பாதீர்கள். மனதில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறோம். வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் இன்னொருவர் முன்னால். குழாயடியில் நிற்கும் பக்கத்து வீட்டு அக்காவையே செயலராக்குங்கள். ஏடாகூடமாகக் கேட்கச் சொல்லுங்கள். "போன மாசம் வந்துச்சே?" "எல்லாத் தெருவுக்கும் அப்படித்தானே?" "நீங்க மோட்டார் வச்சு உறிஞ்சலையா?" இந்த மூன்றும் கட்டாயம் வரும். வீட்டிலேயே நாலு தடவை கேட்டுப் பழகிய கேள்வி கூட்டத்தில் வரும்போது பதில் தானாக வந்து நிற்கும். பார்ப்பவர்கள், அடேயப்பா, என்ன சமயோசிதம் என்பார்கள். சட்டசபையிலும் பட்டிமன்றத்திலும் நாம் வியக்கும் உடனடிப் பதில்களில் பெரும்பாலானவை இப்படி முன்பே ஊறியவைதான் என்பது, பல பேச்சாளர்களைப் பக்கத்திலிருந்து பார்த்த எனக்குத் தெரியும்.

எதிர்பாராத கேள்வியும் வரும், இல்லையென்று சொல்லவில்லை. அப்போது அவசரப்படாமல், கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லுங்கள்: "எந்த வால்வுன்னு கேக்குறீங்க, அதானே?" இதற்குள் மூன்று நான்கு நொடி கிடைக்கிறது. மூச்சு திரும்பிவிடும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவிடலாம்: "அது எனக்குத் தெரியாதுங்க. ரெஜிஸ்டர் உங்ககிட்டதான் இருக்கு, பாத்துச் சொல்லுங்க." தைரியத்துக்கு இதைவிடப் பெரிய அடையாளம் எனக்குத் தெரியவில்லை. கை நடுங்கினால் நடுங்கட்டும், முதல் வாக்கியத்தை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிவிட்டால் மீதி வந்துவிடும். மேடைத்தமிழ் எதுவும் வேண்டாம், வீட்டில் பேசுகிறபடியே பேசுங்கள்.

வள்ளுவர் அவை அறிதலை முன்னால் வைத்து, அவை அஞ்சாமையை அடுத்த அதிகாரமாக வைத்தார். உங்கள் அவை எது என்று தெரியுமா? ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் கொடுத்த இடம் அது. நீங்கள் அங்கே யாரிடமும் கைகட்டி மனுப்போட வந்தவர் இல்லை. கணக்குக் கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், செயலர் பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறார். நிற்கும்போது இது மனதில் இருந்தால் குரலே வேறு மாதிரி வரும்.

சிரித்த அந்த நாலு பேர் வீட்டில் எத்தனை குடம் வருகிறது என்றும் விசாரித்து வையுங்கள். அவர்களுக்கும் பத்துக் குடம்தான் என்றால் அதையும் தாளில் சேருங்கள்.

அடுத்த கூட்டம் அக்டோபர் 2. பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள். பேசி முடித்ததும், தண்ணீர் பற்றிய தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.