ஒன்பதாம் வகுப்பும் கல்லூரிக் கணக்கும்: டெக்சாஸ் பெற்றோர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து ஹூஸ்டன் பக்கம் குடியேறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. கணவர் ஹெச்-1பி விசாவில் இருக்கிறார். நானும் மகளும் அவரைச் சார்ந்தவர்களுக்கான ஹெச்-4 விசாவில். மகள் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு 2026 ஆகஸ்டில் ஹைஸ்கூலுக்குப் போகிறாள். "ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணே கல்லூரிக்குப் போகும், எட்டில் அல்ஜீப்ரா முடிக்காததால் அவள் ஏற்கெனவே பின்தங்கிவிட்டாள், முதல் ஆண்டிலேயே கல்லூரித் தரத்திலான ஏபி பாடம் இரண்டு எடுத்தாக வேண்டும்" என்று இங்குள்ள நண்பர்கள் சொல்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்தான். எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்றில் முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது, உங்கள் மகளுக்கு இப்போது தேவையில்லாத அவசரம்.

முதலில் அந்த உண்மையைப் பார்ப்போம். நம் ஊரில் பத்தாம் வகுப்பில் சற்றுத் தடுமாறிய பிள்ளைகூடப் பிளஸ் டூவில் எழுந்து நின்றால் போதும், கட்-ஆஃப் மதிப்பெண் பழையதைக் கேட்காது. இங்கே அப்படியில்லை. ஒன்பதாம் வகுப்பின் முதல் செமஸ்டரில் வாங்கும் கிரேடும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற அந்த ஒரே தாளில் ஏறி, பன்னிரண்டாம் வகுப்பில் விண்ணப்பிக்கும்போது அப்படியே கல்லூரியின் கைக்குப் போகிறது. டெக்சாஸில் அதற்குக் கூடுதல் எடையும் உண்டு. வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களை மாநிலப் பல்கலைக்கழகங்கள் தாமாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1997இல் இங்கே சட்டம் வந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இந்த வரம்பு குறுகிக்கொண்டே வந்து, 2026 சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம் என்று ஆகியிருக்கிறது. பதினோராம் வகுப்பு முடிவில் நிற்கும் தரவரிசைதான் பெரும்பாலும் இதற்குப் பயன்படுகிறது. அந்தத் தரவரிசையில் மூன்றில் ஒரு பங்கு ஒன்பதாம் வகுப்பு. கலிபோர்னியாவில் உறவினர் இருந்தால் அவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஜிபிஏ என்னும் கிரேடு சராசரியைக் கணக்கிடும்போது ஒன்பதாம் வகுப்பு கிரேடுகளைச் சேர்ப்பதில்லை. அவர்கள் சொல்வது அங்கே சரி, உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டுமே. கேட்ட படிப்பு அல்ல. ஆஸ்டினில் கம்ப்யூட்டர் சயின்ஸ், பொறியியல், வணிகம் போன்றவற்றுக்கு மாணவர்களைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் 5 சதவீதத்துக்குள் வந்தும் விரும்பிய படிப்பு கிடைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். தரவரிசைக்காக எல்லாவற்றையும் பலி கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இனி, உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்திலிருந்து பாடப்பிரிவுக் கையேட்டை இறக்கி, அதில் ஜிபிஏ கணக்கிடும் பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. ஒரு மாவட்டம் 4 புள்ளிக் கணக்கு வைத்திருக்கும், பக்கத்து மாவட்டம் 5 அல்லது 6 புள்ளி வைத்திருக்கும். ஏபிக்கும், வழக்கமானதைவிடச் சற்றுக் கடினமான ஹானர்ஸ் பாடத்துக்கும் ஒரே கூடுதல் புள்ளியா, வேறுபாடு உண்டா? தரவரிசைக்குக் கணிதம், அறிவியல், ஆங்கிலம், சமூக அறிவியல் போன்ற முதன்மைப் பாடங்கள் மட்டுமா, இசையும் ஓவியமும் விளையாட்டும் சேருமா? கோடை வகுப்பில் எடுத்த பாடம் சராசரியில் ஏறுமா?

இந்தக் கேள்விகளை அற்பமானவை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாப் பாடமும் சராசரியில் சேரும் மாவட்டத்தில், நான்கு ஆண்டும் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கும் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கினாலும் அதன் எடையுள்ள சராசரி சற்றுக் கீழே இறங்கும். அந்தப் பாடத்துக்குக் கூடுதல் புள்ளி கிடையாது என்பதுதான் காரணம். இதைக் கண்டுபிடித்த பெற்றோர் சிலர் பிள்ளையின் கையிலிருந்து வயலினைப் பிடுங்கிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி நடந்தது. அந்தப் பையன் தரவரிசையில் சில இடங்கள் ஏறினான். ஐந்து சதவீதக் கோட்டை எட்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, தான் உண்மையில் நேசித்த ஒன்றைப் பற்றி எழுத அவனிடம் எதுவும் மிஞ்சவில்லை. உங்கள் மகள் பாட்டோ நடனமோ வாத்தியமோ கற்கிறாள் என்றால், ஜிபிஏ விதி எதுவாக இருந்தாலும் அதை விடச் சொல்லாதீர்கள்.

அடுத்து, மாநில விதிப்படி ஒன்பதாம் வகுப்பில் நுழையும்போதே நிரப்ப வேண்டிய ஒரு படிவம் இருக்கிறது. அதில் தேர்ந்தெடுக்கும் படிப்புப் பிரிவை எண்டார்ஸ்மென்ட் என்று சொல்வார்கள். 2013இல் வந்த சட்டத்தின்படி மாணவர் ஐந்து பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அறிவியல்-தொழில்நுட்பம்-பொறியியல்-கணிதம் சேர்ந்த ஸ்டெம், வணிகமும் தொழிலும், பொதுச் சேவை, கலையும் மொழி-வரலாறு போன்ற மானுடத் துறைகளும், பலதுறை. பெயரைப் பார்த்து நம் ஊர் பிளஸ் ஒன் குரூப் போல நினைத்துப் பதற வேண்டாம். பிறகு மாற்றிக்கொள்ளலாம், கலைப் பிரிவை எடுத்தவர் மருத்துவம் படிக்கவும் தடை இல்லை. முக்கியமானது வேறொன்று. பாடங்களை முடித்துச் சேர்க்கும் அலகைக் கிரெடிட் என்பார்கள்; வெறும் அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட் போதும், எண்டார்ஸ்மென்டோடு 26 வேண்டும். அதற்கும் மேலே டிஸ்டிங்விஷ்ட் என்றொரு நிலை இருக்கிறது. அல்ஜீப்ரா 2 உட்பட நான்கு கணிதம், நான்கு அறிவியல், ஓர் எண்டார்ஸ்மென்ட் என்பது அதன் கணக்கு. தானாகச் சேர்க்கை கிடைக்கும் வழக்கமான பாதை இந்த நிலை வழியாகத்தான் போகிறது. உங்கள் மகளின் நான்காண்டுத் திட்டத்தில் அந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறதா என்று பள்ளியின் வழிகாட்டியான கவுன்சிலரிடம் கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இப்போது கணிதம். உங்கள் நண்பர்கள் பயமுறுத்திய இடம் இது. இங்கே கணிதம் ஏணி மாதிரி: அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீ-கால்குலஸ், அதற்குப் பிறகே கால்குலஸ். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளை ஆண்டுக்கு ஒரு படி ஏறினாலே பன்னிரண்டில் கால்குலஸுக்கு வந்துவிடும். ஒன்பதில் தொடங்கும் பிள்ளை பிரீ-கால்குலஸோடு நின்றுவிடும். பொறியியலோ கணினியோ படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அந்த ஒரு படி முக்கியம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் படியை எட்ட இரண்டு வழிகள் திறந்தே இருக்கின்றன.

ஒன்று, பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2ஐயும் சேர்த்து எடுப்பது. பல பள்ளிகளில் பிள்ளைகள் இதை வழக்கமாகச் செய்கிறார்கள். பதினொன்றில் பிரீ-கால்குலஸ், பன்னிரண்டில் ஏபி கால்குலஸ் என்று கணக்கு நேராகிவிடும். மற்றொன்று, வகுப்பில் உட்காராமல் தேர்வு எழுதி கிரெடிட் வாங்குவது. இந்தத் தேர்வை நடத்த வேண்டிய கடமை மாவட்டங்களுக்கு உண்டு. 80 மதிப்பெண் வாங்கினால் அந்தப் பாடம் முடிந்ததாகக் கணக்கு. கோயம்புத்தூரில் ஏழாம் வகுப்பு வரை படித்துவந்த பிள்ளைக்கு அல்ஜீப்ரா 1இல் உள்ள சமன்பாடுகளில் ஒரு பகுதி ஏற்கெனவே பழக்கமானதாகத்தான் இருக்கும். தேர்வு நாட்களும் பதிவுக்கான கடைசித் தேதியும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும், தாமதிக்காமல் விசாரியுங்கள். ஆனாலும் இரண்டில் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். ஒன்பதில் நிதானமாக அல்ஜீப்ரா 1 படித்து, அடித்தளம் உறுதியான பிறகு பத்தில் இரண்டு படி ஏறும் பிள்ளை, கோடை விடுமுறையில் விழுந்தடித்து ஒரு படியைத் தாண்டிய பிள்ளையைவிடப் பின்னால் நன்றாகவே நிற்கிறது. அல்ஜீப்ரா 1 முடிவில் மாநிலத் தேர்வும் இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்கத் தேர்ச்சி பெற வேண்டிய மாநிலத் தேர்வுகளில் அது ஒன்று.

ஏபி விஷயத்துக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்புக்குப் பெரும்பாலும் ஏபி ஹியூமன் ஜியோகிராஃபியைத்தான் திறந்துவிடுவார்கள். கணக்கு குறைவு, ஆனால் வாரந்தோறும் பல பக்கங்கள் படித்து, பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் வாதாடி எழுத வேண்டும். ஒன்றரை ஆண்டுக்கு முன் வந்த பிள்ளைக்கு அந்த எழுத்து எவ்வளவு கைவந்திருக்கிறது என்பது உங்களைவிட அவளுடைய எட்டாம் வகுப்பு ஆங்கில ஆசிரியருக்குத் தெரியும். அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நன்றாகப் படிக்கிறாள் என்றால் ஓர் ஏபி எடுக்கட்டும். இரண்டு வேண்டாம். கணிதம், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் ஹானர்ஸ் நிலை போதும். தாங்காவிட்டால் முதல் சில வாரங்களுக்குள் நிலையை இறக்கிக்கொள்ள வழி இருக்கும். அந்தக் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். உதவி கேட்டு அக்டோபரில் வரும் பெற்றோரில் பலர் அந்தத் தேதியைத் தவறவிட்டவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

பிறகு டூயல் கிரெடிட் என்று ஒன்றைச் சொல்வார்கள், பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் படிப்பது. நல்ல ஏற்பாடுதான், செலவையும் குறைக்கும். ஆனால் அதில் வாங்கும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நின்றுவிடுகிறது. பதினான்கு வயதில் அந்தப் பொறுப்பை ஏற்ற வேண்டாம்.

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் பயிற்சி வகுப்புக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற ஏசிடி மதிப்பெண்ணை மறுபடியும் கட்டாயமாக்கியிருப்பது உண்மை. ஆனால் உதவித்தொகைக்குக் கணக்கில் வரும் பிஎஸ்ஏடி என்ற முன்னோட்டத் தேர்வு பதினோராம் வகுப்பு அக்டோபரில்தான் வருகிறது. இந்த ஆண்டு அவள் செய்யக்கூடிய சிறந்த எஸ்ஏடி பயிற்சி, தினம் அரை மணி நேரம் தனக்குப் பிடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் படிப்பது.

நம் மக்கள் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது, உங்கள் மகளின் தமிழ். பள்ளிப் படிப்பை முடிக்க ஆங்கிலமல்லாத ஒரு மொழியில் இரண்டு கிரெடிட் வேண்டும். அவளுக்குத் தமிழ் படிக்கவும் எழுதவும் வரும் என்றால், தமிழில் மொழித்திறன் தேர்வு எழுதி அந்த கிரெடிட்டைப் பெற முடியுமா என்று மாவட்டத்திடம் கேளுங்கள். சில மாவட்டங்கள் இதை ஏற்கின்றன. அப்படிக் கிடைத்தால் கால அட்டவணையில் இரண்டு இடம் காலியாகும். பத்தாம் வகுப்பில் இரட்டைக் கணிதம் எடுக்க அந்த இடம் எவ்வளவு உதவும் என்று எண்ணிப் பாருங்கள். இருமொழித் திறனுக்குத் தனி அங்கீகாரமும் டிரான்ஸ்கிரிப்டில் இடம்பெறலாம். வந்த புதிதில் "இனி இந்தத் தமிழ் எதற்கு" என்று வார இறுதித் தமிழ்ப் பள்ளியை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து மீண்டும் சேர்த்துவிடுங்கள்.

வகுப்புக்கு வெளியே என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியல் உங்கள் கைக்கும் வந்திருக்கும். பல கல்லூரிகள் பயன்படுத்தும் பொது விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். பத்தையும் நிரப்பியாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மூன்று சங்கங்களில் சேர்ந்து பார்க்கட்டும், பிடிக்காததை விட்டு வரட்டும். பிடித்துப்போகும் ஒன்றில் நான்கு ஆண்டு நீடித்தாலே போதுமானது. ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் கோடை முகாம்களைக் கல்லூரி வளாகத்தில் நடப்பதால் மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பணத்தைப் படிப்புக்குச் சேமிக்கலாம். டெக்சாஸில் இன்னொரு விதியும் உண்டு: ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால், குறைந்தது மூன்று வாரம் பள்ளிப் போட்டிகளிலும் நிகழ்ச்சிகளிலும் பங்கேற்க முடியாது. சில ஹானர்ஸ், ஏபி பாடங்களுக்கு விலக்கு இருக்கிறது. எவை என்பதையும் கையேட்டிலேயே பார்க்கலாம்.

கடைசியாக விசா. இதைப் பள்ளிக் கவுன்சிலர்கள் பெரும்பாலும் எடுத்துச் சொல்வதில்லை. ஹெச்-4இல் உள்ள பிள்ளை சம்பளம் வாங்கும் வேலைக்குப் போக முடியாது. தன்னார்வத் தொண்டு செய்யலாம். ஃபாஃப்ஸா என்ற கல்வி உதவி விண்ணப்பம் வழியாகக் கிடைக்கும் மத்திய அரசின் உதவியும் இந்த விசாவுக்கு இல்லை. பல்கலைக்கழகங்களே திறமைக்குத் தரும் உதவித்தொகைகளில் சிலவற்றைப் பெற வழி உண்டு. 21 வயது ஆனதும் ஹெச்-4 முடிந்துவிடும். உங்கள் மகளுக்கு அது ஏறக்குறைய கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் வரும். அதற்குள் நிரந்தர வதிவிடம் கிடைக்காவிட்டால் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், கட்டணமும் மாறக்கூடும். ஆகவே குடிவரவு வழக்கறிஞரிடம் அடுத்த முறை பேசும்போது கணவரின் விண்ணப்பத்தோடு மகளின் பிறந்த தேதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

பாடத் தேர்வுக்காகக் கவுன்சிலரைச் சந்திக்கும் நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேச்சை அவளே தொடங்கட்டும். "நான் பத்தாம் வகுப்பில் இரண்டு கணிதம் எடுக்க விரும்புகிறேன், அதற்கு இந்த ஆண்டு என்ன செய்ய வேண்டும்?" என்ற ஒரு கேள்வியை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நான்கு ஆண்டு கழித்து அவளுக்காகக் கல்லூரிகளுக்கு எழுதப்போவது அந்தக் கவுன்சிலர்தான். அவருக்கு அவள் முகம் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கட்டும்.