பெரிலீன் நிறமிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஓவிய வண்ணக் குழாயில் 'பெரிலீன்' என்று அச்சிட்டிருக்கிறது. அது என்ன?

பதில்: பாச்சை உருண்டையின் நாஃப்தலீனுக்கு இரண்டு வளையங்கள். அப்படி இரண்டு நாஃப்தலீனை அருகருகே வைத்து இரு பிணைப்புகளால் தைத்தால், நடுவில் ஐந்தாவது வளையம் தானாக அமையும். அதுதான் பெரிலீன். மஞ்சள் படிகம், கரைசலில் நீலமாக ஒளிரும். ஆனால் உங்கள் குழாயில் இருப்பது இதுவல்ல, இரு முனைகளிலும் இமைடு தொகுதி (நைட்ரஜன் கொண்ட அணுக்கூட்டம்) சேர்த்த வழிப்பொருள். கார்டோஸ் என்ற வேதியியலாளர் 1913-இல் இவ்வகையைக் கண்டறிந்தார். முதலில் துணிக்குத் தொட்டிச் சாயமாகத்தான் (கரையும் வடிவில் துணியில் ஏற்றி, பிறகு கரையாததாக மாற்றும் சாயம்) பயன்பட்டது.

கேள்வி: குழாய்களில் நிறமி எண்ணாகப் போடும் ஊதா 29, சிவப்பு 179, கறுப்பு 31 மூன்றுமே பெரிலீன் என்கிறார்களே, எப்படி?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மூலக்கூறின் உடல் மூன்றிலும் ஒன்றே. நைட்ரஜனில் தொங்கும் வால்தான் வேறு: ஊதாவில் வெறும் ஹைட்ரஜன், சிவப்பில் மெத்தில், கறுப்பில் ஃபீனைல்எத்தில். வால் நேரடியாக நிறம் தருவதில்லை. தட்டையான மூலக்கூறுகள் படிகத்தில் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு விலகி அடுக்கப்படும் என்பதை அது முடிவு செய்கிறது. அடுக்கு மாறினால் விழுங்கும் ஒளியும் மாறும். ஆய்வகம் இருந்தால் கறுப்பு 31-இல் ஒரு சிட்டிகையைக் குளோரோஃபார்மில் போட்டுப் பாருங்கள். கொஞ்சமே கரையும். ஆனால் கரைந்தது கறுப்பாக இருக்காது; ஆரஞ்சுத் திரவம், புற ஊதா விளக்கின் கீழ் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும். அடுக்கு கலைந்ததும் கறுப்பும் போய்விட்டது.

கேள்வி: வெள்ளையோடு கலந்தால் அதே கறுப்பு பச்சையடிக்கிறது. கலப்படமா?

பதில்: இல்லை, அதன் இயல்பே அதுதான். 'பெரிலீன் பச்சை' என்றே விற்பவர்களும் உண்டு.

கேள்வி: கார்பன் கறுப்பு மலிவாகக் கிடைக்கும்போது இது எதற்கு?

பதில்: கார்பன் அகச்சிவப்பையும் விழுங்கிச் சூடேறும். பெரிலீன் கறுப்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிடித்துக்கொண்டு அகச்சிவப்பைப் பெரிதும் உள்ளே விட்டுவிடும். அடியில் வெள்ளைப் பூச்சு இருந்தால் அது திருப்பி அனுப்பிவிடும். அடிப்பூச்சும் கார்பன் கறுப்பு என்றால் செய்த செலவு வீண்தான்!

கேள்வி: பல்வளைய ஹைட்ரோகார்பன் என்றாலே புற்றுநோய்தானே?

பதில்: பயம் நியாயமானது. புகையில் இருக்கும் பென்சோ-ஏ-பைரீனுக்கும் பெரிலீனுக்கும் 20 கார்பன், 12 ஹைட்ரஜன், ஐந்து வளையங்கள். வளையங்கள் ஒட்டிய விதம் மட்டுமே வேறு. முன்னதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் வைத்திருக்கிறது. பெரிலீன் மூன்றாம் பிரிவில், அதாவது வகைப்படுத்தச் சான்று போதாது. பாதுகாப்பானது என்று அதற்குப் பொருளில்லை. உலர்ந்த நிறமிப் பொடியைக் கையாண்டால் முகக்கவசம் அணியுங்கள்.