ப்ளுவாவில் இறங்குங்கள், அங்கிருந்து சைக்கிள்

ஜூன் மாதத்தில் ஒரு வாரம் விடுமுறை, கார் ஓட்ட மாட்டேன், பாரிஸ் பார்த்தாயிற்று. பிரான்சின் கிராமப்புறத்தில் கோட்டை, காடு, சைக்கிள் பாதை மூன்றும் சேர்ந்தாற்போல் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஒரே ஊர்தான்: லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் ப்ளுவா. பாரிஸ் ஒஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ஏறினால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். நான் பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும், ஐஃபெல் கோபுரம் முடிந்த கையோடு அங்கேதான் அனுப்பி வைக்கிறேன்.

லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கக் கோட்டைகள்தான். சுல்லியிலிருந்து ஷலோன் வரைக்குமான நீளத்தை 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அதனாலேயே பலர் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்கிறார்கள். பாரிஸிலிருந்து காலையில் கிளம்பி மூன்று கோட்டைகளைக் காட்டி இரவில் திரும்பக் கொண்டுவந்து விடும் பேருந்துகள் உண்டு. அதில் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்தப் படுக்கையறை எந்தக் கோட்டையில் என்று அவர்களுக்கே குழம்பும். நாளுக்கு ஒரு கோட்டைக்குள் நுழைந்தால் போதும். மற்றதை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் பெடலை மிதியுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இந்தப் பக்கத்துக் கோட்டைகளில் பல போருக்காகக் கட்டியவை அல்ல, வேட்டைக்கும் உல்லாசத்துக்கும் கட்டியவை. காடு முதலில், கட்டடம் அப்புறம். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் கோட்டை, காடு, சுவர், வேலி, நாய்க்கொட்டில் எல்லாம் ஒரே கதையின் துண்டுகளாகத் தெரியும். பேருந்தில் போகிறவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் கதையில் பாதி இரண்டு கோட்டைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

ஷாம்போர் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளுவாவிலிருந்து ஆற்றங்கரைப் பாதையில் சேன் தியே என்ற சின்ன ஊர் வழியாகப் போக வேண்டும். ஷாம்போர் கட்டுவதற்கான கற்கள் படகில் வந்து இறங்கிய துறை அது. மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல், இப்பகுதி வீடுகளுக்கெல்லாம் அந்த வெளிறிய நிறத்தைக் கொடுப்பதும் அதுதான். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு நீளச் சுவர் குறுக்கே வரும். கோட்டை எங்கே என்று தேடாதீர்கள், அது இன்னும் தள்ளி இருக்கிறது. இது காட்டைச் சுற்றிய மதில்: 32 கிலோமீட்டர். உள்ளே 5,440 ஹெக்டேர், கிட்டத்தட்டப் பாரிஸ் நகரத்தின் பரப்பில் பாதி. வேட்டையாட வைத்திருந்த மான்களும் காட்டுப்பன்றிகளும் வெளியே போகாமலிருக்க எழுப்பியது.

மதில் வாயிலைக் கடந்து ஓக் மரங்களுக்கு நடுவே நேர்க்கோடாகப் போகும் சாலையில் மிதித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று மரங்களுக்கு மேலே புகைபோக்கிகளும் கோபுரங்களும் ஒரு கூட்டமாக எழும். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா 1519-ல் தொடங்கிய வேலை. உள்ளே நானூற்றுக்கும் மேற்பட்ட அறைகள், 282 கணப்புகள். இத்தனையும் கட்டிய மன்னர் தன் 32 ஆண்டு ஆட்சியில் இங்கே தங்கியது மொத்தம் 72 நாள் என்று கணக்குச் சொல்கிறார்கள். வரும்போது கட்டில், திரைச்சீலை, பாத்திரம் பண்டம் எல்லாம் வண்டியில் கூடவே வரும், போகும்போது கூடவே போய்விடும். அதனால் உள்ளே சில அறைகள் வெறுமையாகத் தெரிந்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நடுவில் இருக்கும் இரட்டைச் சுழல் படிக்கட்டை விட்டுவிடாதீர்கள். ஒருவர் ஏற, இன்னொருவர் இறங்க, இடையிலுள்ள சாளரங்கள் வழியாக ஒருவரை ஒருவர் பார்க்கலாம், ஆனால் எதிரெதிரே சந்திக்க முடியாது. லியொனார்தோ டாவின்சியின் யோசனை என்று பலரும் சொல்வார்கள். அவர் 1519 மே மாதம் பக்கத்து ஊரான அம்புவாஸில் காலமானார், இங்கே வேலை தொடங்கியது செப்டம்பரில். அவருடைய எண்ணங்களின் சாயல் இருக்கலாம், அவ்வளவுதான். படிக்கட்டில் ஏறி மொட்டைமாடிக்குப் போனால் வேட்டையை வேடிக்கை பார்க்க அரச சபையினர் நின்ற இடம் வரும். நான்கு பக்கமும் காடு. எனக்கு ஷாம்போரில் பிடித்தது அறைகளைவிட இந்த மாடிதான்.

காட்டில் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது ஏறக்குறைய 1,000 ஹெக்டேர். மீதி விலங்குகளுக்கு. திறந்த பகுதியிலேயே மறைந்திருந்து பார்க்க மரக்கூண்டுகள் வைத்திருக்கிறார்கள். ஜூனில் விடியற்காலையிலோ மாலையிலோ பொறுமையாக உட்கார்ந்தால் மான் கண்ணில் படலாம். பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை வாருங்கள். இணை தேடும் செம்மான் கலைகள் அடித்தொண்டையில் கத்தும் காலம் அது. அதைக் கேட்பதற்கென்றே பிரான்சின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

ஷாம்போரிலிருந்து ப்ராசியூ வழியாக ஷெவெர்னிக்கு இருபது கிலோமீட்டருக்குள்தான். ஷெவெர்னி அளவாக, வெள்ளையாக, சமச்சீராக நிற்கும் ஒரு மாளிகை. அரசாங்கத்துடையது அல்ல, ஒரே குடும்பத்தின் வழியில் வந்தது, இன்றும் அவர்கள் அங்கே வசிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கொட்டிலில் ஏறத்தாழ நூறு வேட்டை நாய்கள். மோப்ப நாய்களை விட்டு மானைத் துரத்தும் வேட்டை பிரான்சில் இன்னும் சட்டப்படி நடக்கிறது, குளிர்காலத்தில் இந்த நாய்களும் போகின்றன. அவற்றுக்குத் தீனி போடும் நேரத்தில் கூட்டம் கூடும். சிலருக்கு அது வேடிக்கை. எனக்கு அந்தக் காட்சி ஒப்பவில்லை, ஆனால் இந்த மண்ணைப் புரிந்துகொள்ள ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை.

ஷெவெர்னிக்குக் கிழக்கேயும் தெற்கேயும் விரிவது சொலோன். ஏரி, குட்டை, ஊசியிலை மரம், மணல் தரை, செங்கல் வீடுகள். வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதைப் பார்த்து உள்ளே புகுந்து சுற்றலாம் என்று நினைத்தால், அது நடக்காது. பெரும்பகுதி தனியார் வேட்டைக்காடு. கிலோமீட்டர் கணக்கில் ஆளுயரக் கம்பிவேலி போட்டு மானையும் பன்றியையும் உள்ளேயே அடைத்து வைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் பல வருடம் சண்டை போட்ட பிறகு 2023 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. வேலி 1.20 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தரைக்கும் வேலிக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், விலங்குகள் போய்வர வேண்டும். அதே சட்டத்தில் இன்னொன்றும் சேர்த்துவிட்டார்கள்: தனியார் காடு என்று பலகை இருந்தும் நுழைந்தால் 135 யூரோ அபராதம். மானுக்கு வழி கிடைத்தது, மனிதனுக்கு இல்லை. ஆகவே பாதையை விட்டு இறங்காதீர்கள்.

காட்டுக்குள் தாராளமாகத் திரிய வேண்டுமென்றால் ஷெவெர்னியிலிருந்து ப்ளுவாவுக்குத் திரும்பும் வழியில் ருஸ்ஸி காடு இருக்கிறது. அரசுக்காடு, யாரும் தடுக்க மாட்டார்கள், ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். ப்ளுவா, ஷாம்போர், ஷெவெர்னி, ருஸ்ஸி, மறுபடி ப்ளுவா என்று ஒரு சுற்று ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரை, வழிகாட்டிப் பலகைகள் தெளிவாக இருக்கும், கியர் வைத்த சாதாரண சைக்கிளே போதும். இதை இரண்டு நாளாகப் பிரித்து நடுவில் ப்ராசியூ பக்கம் தங்கினால் இன்னும் நல்லது.

மிச்ச நாட்களில் ஆற்றோடு போங்கள். லுவார் சைக்கிள் பாதை மொத்தம் 900 கிலோமீட்டர், நெவேர் அருகிலிருந்து அட்லாண்டிக் கடல் வரை போகிறது. நீங்கள் ப்ளுவாவிலிருந்து அம்புவாஸ் வரை போனால் போதும். அங்கிருந்து தெற்கே காட்டைத் தாண்டினால் ஷெனோன்சோ, ஷெர் ஆற்றின் மேல் பாலம்போல் கிடக்கும் மாளிகை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் இங்கே அந்த ஆறுதான் எல்லையாக இருந்தது. முன்வாசல் ஜெர்மானியர் பக்கம், ஆற்றுக்கு மேலான நீளக்கூடத்தின் பின்கதவு மற்றப் பக்கம். கூட்டம் மொய்க்கும், காலையில் திறந்ததும் நுழைந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. லுவாரில் மணல்திட்டுகளைப் பார்த்தால் இறங்கிக் குளிக்கத் தோன்றும். இறங்காதீர்கள். மணல் காலடியில் சரியும், அடியில் இழுப்பு உண்டு, ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

சாப்பாடு விஷயத்தில் கிராமம் உங்கள் வசதிக்கு வளையாது. மதியம் 12 முதல் 2 வரைதான் உணவகத்தில் சமையல், 2:15-க்குப் போனால் காபி மட்டும் கிடைக்கும். திங்கட்கிழமை பல பேக்கரிகள் பூட்டியிருக்கும், சில ஊர்களில் ரொட்டி விற்கும் இயந்திரம் கைகொடுக்கும். சைவம் என்றால் ரொட்டி, தக்காளி, அப்புறம் இந்தப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ். சாம்பல் பூசிய செல் சுர் ஷெர், நடுவில் வைக்கோல் செருகிய சேன் மோர் இரண்டையும் வாங்கிப் பாருங்கள். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், வாசலருகே குழாய் இருக்கும். குடிக்கத் தகாதது என்று பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் மாலையில் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது நல்லது, இங்கே லைம் நோய் பரப்புவது அதுதான்.

வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். 12 வயதுக்குக் கீழ் ஹெல்மெட் கட்டாயம். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டைக் காலம், அப்போது வருவதானால் பளிச்சென்ற சட்டை போட்டுக்கொண்டு, வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்த பாதையைத் தவிருங்கள். சொந்த சைக்கிளை ரயிலில் ஏற்றுவதாக இருந்தால் கோடையில் சில ரயில்களில் அதற்கும் முன்பதிவு தேவைப்படும். ப்ளுவாவிலேயே வாடகைக்கு எடுப்பது சுலபம், மின்சார சைக்கிளும் கிடைக்கும்.

உங்களோடு வரும் அம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். கவலையில்லை. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை ப்ளுவா ரயில் நிலையத்திலிருந்து ஷாம்போர், ஷெவெர்னி பக்கம் போகும் பேருந்து ஓடுகிறது. நாளுக்குச் சில நடைகள்தான், நேர அட்டவணையை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நீங்கள் சீக்கிரமே மிதிக்கத் தொடங்கினால் ஷாம்போர் வாசலில் சந்தித்துக்கொள்ளலாம்.